வராதவர்களின் பெயரை முதலில் எழுதுங்கள்

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். சர்க்கரை, பிரஷர் மாத்திரை எல்லாம் இலவசம்தான். ஆனாலும் பக்கத்தில் இருப்பவர்கள்தான் மாதாமாதம் வருகிறார்கள். செங்கல் சூளைக்கும் காட்டு வேலைக்கும் போகிறவர்கள் இரண்டு மாதம் வந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். திட்டியும் பார்த்துவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தத் திட்டுவதை நிறுத்துங்கள், சகோதரி. மாத்திரை இலவசம், சரி. அதை வாங்க வருவதற்கு ஒரு நாள் கூலி போகிறது, பஸ்ஸை விட்டால் ஷேர் ஆட்டோவுக்குக் காசு போகிறது, வரிசையில் நின்று திரும்புவதற்குள் மதியமாகிவிடுகிறது. பிரஷருக்கு வலியும் கிடையாது, பக்கவாதம் வந்து விழும்வரை உடம்பு நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். கூலியையும் விட்டுவிட்டு அவர் எதை நம்பி வருவார்?

வேல்ஸ் நாட்டில் ஒரு சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் வேலை பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர், நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-லேயே எழுதினார். எழுதியதோடு விடவில்லை, தன் கிராமத்தில் வராதவர்களையும் தேடித்தேடிப் பிரஷர் பார்த்தார்.

நம் ஊரில் அதற்கு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய்ப் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஆனால் காலை பதினொரு மணிக்குப் போனால் கூலி வேலைக்காரர் வீடு பூட்டித்தானே கிடக்கும்! உங்கள் பதிவேட்டை எடுத்து, இரண்டு மாதமாக வராதவர்கள் பெயரைத் தெருவாரியாக எழுதி அந்தத் தன்னார்வலர்களிடம் கொடுங்கள், விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ, இல்லையென்றால் நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கோ போக முடியுமா என்று உட்கார்ந்து பேசுங்கள். நிலையாக இருக்கிற நோயாளிக்குச் சேர்த்து மாத்திரை கொடுக்கலாமா என்று மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள்.

அப்புறம், சூளையில் மேஸ்திரியை வைத்துக்கொண்டு விசாரிக்காதீர்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் நோயை மறைப்பார்கள். தனியாகப் பேசுங்கள். சீசன் முடிந்து ஊர் திரும்புகிறவர் கையில் மாத்திரைப் பெயரும் அளவும் எழுதிய சீட்டு இருக்கட்டும், அங்கே உள்ள நர்ஸ் அதைப் பார்த்துத் தொடர்ந்து கொடுக்க முடியும்.

நான்கு மாதம் கழித்து ஒரு அம்மா வந்து நின்றால், ஏன் வரவில்லை என்று ஆரம்பிக்காமல், "வந்தீங்களே, உட்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பிரஷர் பாருங்கள்.