நமீபியாவின் இயற்கைப் புவியியல்: கேள்வி பதில்

கேள்வி (முதுகலை மாணவி): அட்லாண்டிக் பெருங்கடல் அருகிலேயே இருந்தும் நமீப் ஏன் பாலைவனமாக இருக்கிறது?

பதில்: அந்தக் கடலே முக்கியக் காரணம். தெற்கிலிருந்து கரையோரமாக ஓடி வரும் பெங்குவேலா குளிர் நீரோட்டமும், ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்நீரும், கடற்பரப்பை ஒட்டிய காற்றைக் குளிர்வித்துவிடுகின்றன. தென் அட்லாண்டிக் உயரழுத்த மண்டலத்தில் கீழிறங்கும் வறண்ட, வெப்பமான காற்று அதன்மேல் மூடிபோலப் படிந்திருப்பதால், ஈரக்காற்றால் உயர எழுந்து மழைமேகமாக முடிவதில்லை. மூடுபனியாக மட்டுமே கரையேறுகிறது. இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரமோ கண்டத்தின் கிழக்குப் பகுதியிலேயே பெரும்பாலும் பொழிந்து தீர்ந்துவிடுகிறது.

கேள்வி (கல்லூரி ஆசிரியர்): மாணவர்களுக்கு ஒரே ஓர் இடத்தை விரிவாகக் கற்பிக்க வேண்டுமானால் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: தயங்காமல் குயிசெப் ஆற்றங்கரையில் உள்ள கோபாபெப் ஆய்வு நிலையத்தைச் சுற்றிய பகுதியைச் சொல்வேன். செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பாருங்கள்: ஆற்றுக்குத் தெற்கே செந்நிற மணற்கடல், வடக்கே மணற்குன்றுகளே இல்லாத வெளிறிய சரளைச் சமவெளி, இரண்டுக்கும் நடுவே மரங்கள் அடர்ந்த மெல்லிய பச்சைக் கோடு. தென்காற்று ஆண்டு முழுவதும் மணலை வடக்கே தள்ளுகிறது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறு, கிழக்கு மேட்டுநிலத்தில் மழை பெய்து வெள்ளம் வரும்போதெல்லாம், படுகையில் சேர்ந்த மணலை வாரிக்கொண்டு போய்விடுகிறது. சில நாள் வெள்ளம் ஆண்டு முழுவதும் வீசும் காற்றுக்கு எல்லை வகுக்கும் இந்தக் காட்சியை வகுப்பில் காட்டினால், பாலைவனத்தில் நீருக்கு வேலையில்லை என்ற எண்ணம் மாணவர்களை விட்டு அகலும். கடலை நெருங்கும் இடத்தில் வெள்ளம் வலுவிழப்பதால், வால்விஸ் விரிகுடாவுக்கு வடக்கே ஒரு மணற்குன்றுப் பட்டை தப்பித்துச் செல்வதையும் காட்டத் தவறாதீர்கள்.

கேள்வி: நமீபியா முழுவதும் மணல்தானே?

பதில்: இல்லை. கடலோரப் பாலைக்குக் கிழக்கே பெருஞ்சரிவு, அதன்மேல் மேட்டுநிலம், அதற்கப்பால் கலஹாரி, வடக்கே சுமார் 4,800 சதுர கி.மீ. பரப்புள்ள எடோஷா உப்புப் படுகை. வடகிழக்கு மூலையில் காடும் சதுப்பும்கூட உண்டு.

கேள்வி: நமீப் மணல் எங்கிருந்து வந்தது?

பதில்: பெரும்பகுதி ஆரஞ்சு ஆறு கொண்டுவந்தது. லெசோத்தோ மலைகளில் பிறக்கும் அந்த ஆறு கடலில் கொட்டும் மணலை அலைகளும் கரையோர நீரோட்டமும் வடக்கே நகர்த்த, காற்று அதை நிலத்துக்குள் ஏற்றியது. தென்மேற்குக் கடற்கரையின் வைரங்களும் இதே ஆற்று வழியாக வந்தவையே.

கேள்வி (போட்டித் தேர்வர்): நமீப் பாலைவனத்தின் சராசரி மழையளவு என்ன?

பதில்: கடற்கரையோரம் ஆண்டுக்கு 20 மி.மீ.க்கும் குறைவு; கிழக்கே போகப் போகக் கூடும். தேர்வில் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் சராசரியை மட்டும் நம்பி நிலத்தைப் புரிந்துகொள்ள முயலாதீர்கள். 2011இல் பெய்த அரிய மழையில் சரளைச் சமவெளிகளே புல்வெளிகளாயின. 2019இல் வறட்சிக்காக நாட்டில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

கேள்வி: தேவதை வட்டங்களை உருவாக்குபவை கறையான்கள் என்று 2013இலேயே நிரூபித்துவிட்டார்களே?

பதில்: நிரூபித்துவிட்டார்கள் என்பது மிகை. புல்வெளியில் சில மீட்டர் அகலத்தில் புல்லற்ற வட்டங்கள் ஏறத்தாழச் சம இடைவெளியில் அமைந்திருப்பதற்கு, மணல் கறையான்களே காரணம் என்று சூழலியலாளர் நார்பெர்ட் யூர்கன்ஸ் அந்த ஆண்டு வாதிட்டார். கறையான்கள் புல்வேரைத் தின்றழிப்பதால் வெறுமையான மண்ணில் மழைநீர் தங்கி, ஓரத்துப் புல்லை வளர்க்கிறது என்பது அவர் விளக்கம். மற்றொரு சூழலியலாளரான ஸ்டீபன் கெட்சின் குழுவினரோ, நீருக்காகப் போட்டியிடும் புற்களே இவ்வொழுங்கை உண்டாக்குகின்றன என்கிறார்கள்.

கேள்வி (அதே வாசகர்): கறையான்களைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். போட்டியை யார் பார்த்தார்கள்?

பதில்: ஓரிடத்தில் கறையான் இருப்பது வேறு, அது காரணமாக இருப்பது வேறு. கெட்சின் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வில், மழைக்குப் பின் வட்டத்துக்குள் முளைத்து வாடிய புற்களைத் தோண்டிப் பார்த்து, வேரில் கறையான் கடித்த தடயமில்லை என்று பதிவுசெய்தார்கள். யூர்கன்ஸ் தரப்பு அதை ஏற்கவில்லை. இரண்டும் சேர்ந்தே இயங்குகின்றன என்று 2017இல் கொரினா டார்னிட்டா குழு ஒரு மாதிரியை முன்வைத்தது. என் சாய்வு அந்த மூன்றாம் தரப்பின் பக்கம்.

கேள்வி (மற்றொருவர்): ஆஸ்திரேலியாவிலும் இவ்வட்டங்கள் இருக்கின்றனவே, அங்கும் அதே கறையானா?

பதில்: இல்லை. அங்கே மண்ணே வேறு: இறுகிய களிமண் பரப்பில் மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது. ஆகவே ஒன்றை வைத்து மற்றதை முடிவுகட்ட இயலாது. வட்டங்களைப் பற்றி இன்னும் கேள்விகள் குவிந்துள்ளன. பெரும்பாலானவை மேலே சொன்னவற்றையே திரும்பக் கேட்பதால் விட்டுவிடுகிறேன்.

கேள்வி: கடலருகே இருந்தும் நமீபில் ஏன் மழையில்லை?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மழையே இல்லாத இடத்தில் வண்டுகள் எப்படி வாழ்கின்றன? சராசரி மழை 20 மி.மீ. என்றீர்களே.

பதில்: மீண்டும் சராசரி! கோபாபெபில் மூடுபனி தரும் நீர் பல ஆண்டுகளில் மழையை மிஞ்சுகிறது. மணற்குன்றின் முகட்டில் தலைகீழாக நின்று, உடலில் படியும் பனிநீரை வாய்க்கு வழியவிட்டுக் குடிக்கும் வண்டினம் அங்கு உண்டு. வண்டுகளின் உடலமைப்பைப் பற்றிய மற்றக் கேள்விகளை விலங்கியலாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: நமீப் மணற்குன்றுகளுக்கு நடுவே உள்ள சாசஸ்வ்லேயைப் பார்க்க எந்த மாதம் போகலாம், விசா எப்படி வாங்குவது?

பதில்: விசாவுக்குத் தூதரகத்தை அணுகுங்கள். மே முதல் செப்டம்பர் வரை வெயில் கடுமையாக இராது. எந்த மாதம் போனாலும் வறண்ட ஆற்றுப்படுகையில் கூடாரம் அடிக்காதீர்கள். உங்கள் தலைக்கு மேலே மேகமே இல்லாதபோதும் மேட்டுநிலத்து மழை வெள்ளமாக வந்து சேரும்.