10 கோடி வரிசை போட்டும் சோதனை ஏன் ஏமாற்றியது?

கேள்வி: எங்கள் ஆர்டர் மென்பொருளுக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். 10 லட்சம் வாடிக்கையாளர், 10 கோடி ஆர்டர் என்று ரேண்டம் ஃபங்ஷனாலேயே (தற்செயல் எண் தருவது) நிரப்பிப் பார்த்தோம், எல்லாக் குவெரியும், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளும், நொடிக்குள் வந்தது. மென்பொருளை வாங்கிய நிறுவனத்தில் இதில் கால்வாசி டேட்டாகூட இல்லை, ஆனால் அங்கே சில பக்கங்கள் நிமிடக்கணக்கில் சுற்றுகின்றன. அசல் டேட்டாவைக் கேட்டால் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகர், கோவை

பதில்: அளவைச் சரியாகப் பிடித்தீர்கள், மேடு பள்ளத்தை விட்டுவிட்டீர்கள். ரேண்டம் எல்லோருக்கும் சமமாகப் பங்கு போடும், அதனால் உங்கள் டேபிளில் ஆளுக்குச் சுமார் 100 ஆர்டர். நிஜத்தில் அப்படி எந்தக் கடையும் நடப்பதில்லை. பெரும்பாலோர் இரண்டு மூன்று தடவை வாங்கிவிட்டுப் போவார்கள், ஒரு மொத்த வியாபாரி மட்டும் லட்சக்கணக்கில் ஆர்டர் வைத்திருப்பார். அநேகமாக அவர் பக்கத்தைத் திறக்கும்போதுதான் சுற்றுகிறது.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. வாடிக்கையாளர் எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது, ரேண்டம் தரும் 0 முதல் 1 வரையான மதிப்பை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தி, பிறகு 10 லட்சத்தால் பெருக்கி, பின்னத்தை வெட்டிவிடுங்கள். முதல் 1000 பேருக்கு மட்டும் மொத்த ஆர்டரில் 10 சதவீதம் போய்ச் சேரும், முதல் ஆளுக்கே ஏறக்குறைய 10 லட்சம். அது அதிகம் என்றால் அடுக்கைக் குறைத்துக்கொள்ளலாம். போஸ்ட்கிரெஸோடு வரும் சோதனைக் கருவியான பிஜிபெஞ்ச் ஸ்கிரிப்டில், சிலருக்கே பெரும்பங்கு போகும் ஜிப்ஃப் பரவலுக்கென்றே தனி ஃபங்ஷன் உண்டு, அதுவும் நல்லதுதான். அப்புறம் அந்த எண்களைக் கலைத்துப் போடுங்கள், இல்லையென்றால் பெரிய வாடிக்கையாளர்கள் எல்லோரும் இண்டெக்ஸில் (வரிசைகளைச் சீக்கிரம் தேட உதவும் அட்டவணை) ஒரே மூலையில் உட்கார்ந்திருப்பார்கள்.

இதைவிட மோசமான சிக்கல், டேபிளின் நெடுவரிசைகளுக்கு இடையே உள்ள உறவு. ஊரையும் பின்கோடையும் தனித்தனியாக ரேண்டமில் எடுத்திருந்தால், சென்னைக்காரருக்கு மதுரைப் பின்கோடு விழுந்திருக்கும். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவு செய்யும் ஆப்டிமைசர், இரண்டும் சம்பந்தமில்லாதவை என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. ஒரு கோடி முகவரியில் ஓர் ஊர் 1 சதவீதம், அதில் ஒரு பின்கோடு மொத்தத்தில் 0.1 சதவீதம் என்றால், நிஜத்தில் 10,000 வரிசை வரும், ஆப்டிமைசர் இரண்டையும் பெருக்கி 100 என்று நினைக்கும். 100 வரிசைக்கு நெஸ்டட் லூப் (ஒவ்வொரு வரிசைக்கும் அடுத்த டேபிளில் போய்த் தேடும் முறை) பரவாயில்லை, 10,000 வந்து இன்னும் நாலு டேபிளோடு ஜாயின் ஆனால், அதாவது சேர்த்துப் பொருத்தினால், தாங்காது. உங்கள் சோதனை டேட்டாவில் நிஜமாகவே சம்பந்தம் இல்லாததால் அந்தத் தப்புக் கணக்கு அங்கே சரியாகவே வந்திருக்கும். எனக்குக் கவலை தருவது இதுதான், சோதனை ஆப்டிமைசரின் குறையை மறைத்துவிடுகிறது.

டேட்டாபேஸ் வேகத்தை அளக்கும் பெரிய பெஞ்ச்மார்க்குகளிலும் இந்தப் பிரச்சினை உண்டு. அவற்றில் ஒன்றான டிபிசி-எச் பெரும்பாலும் சமமான பரவல்தான். 2015-இல் வந்த ஜாயின் ஆர்டர் பெஞ்ச்மார்க் அதனால்தான் ஐஎம்டிபி சினிமா டேட்டாவை அப்படியே எடுத்து 113 குவெரி ஓட்டியது, ஜாயின் கூடக்கூட ஆப்டிமைசர்களின் மதிப்பீடு பல மடங்கு விலகிப்போனது.

சரி, அசல் டேட்டா. அதைக் கேட்காதீர்கள், அவர்கள் மறுப்பது நியாயம். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்பதும் சரியல்ல, 2006-இல் ஏஓஎல் தேடல் பதிவுகளை வெறும் எண்களோடு வெளியிட்டும், தேடிய சொற்களை வைத்தே ஒருவரைப் பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பதில், போஸ்ட்கிரெஸ் தன் டேட்டாவைப் பற்றிய புள்ளிவிவரங்களைக் காட்டும் பிஜி ஸ்டேட்ஸ் வியூவிலிருந்து எண்களை மட்டும் கேளுங்கள்: எத்தனை வேறுபட்ட மதிப்புகள், அதிகம் வரும் மதிப்புகளின் விகிதம், நல் (மதிப்பே இல்லாத இடங்கள்) எத்தனை சதவீதம். மதிப்புகளையே காட்டும் நெடுவரிசைகளும், டேட்டாவைப் பகுதிகளாகப் பிரிக்கும் ஹிஸ்டோகிராம் எல்லைகளும் வேண்டாம், அவற்றில் அசல் பெயரும் போன் எண்ணும் அப்படியே இருக்கலாம். நெடுவரிசைகளுக்கு இடையே உள்ள உறவு இந்த வியூவில் இருக்காது, எது எதைப் பொறுத்தது என்று அங்குள்ளவர்களிடம் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டேட்டாவை உருவாக்கும் ஜெனரேட்டருக்கு ஸீடை (ரேண்டம் எண்களின் தொடக்க மதிப்பு) நிலையாக வையுங்கள், அடுத்த முறையும் அதே டேட்டா வந்தால்தான் ஒப்பிட முடியும். நிரப்பியதும், புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையைக் கொடுங்கள். மெதுவான பக்கம் உங்களிடமும் மெதுவானால், ஊர், பின்கோடு இரண்டுக்கும் சேர்த்து, அவற்றின் உறவை ஆப்டிமைசருக்குச் சொல்லும் கிரியேட் ஸ்டாடிஸ்டிக்ஸ் கட்டளையைப் போட்டு, மறுபடி அனலைஸ் செய்து பாருங்கள், போஸ்ட்கிரெஸ் 10 முதல் அந்த வசதி இருக்கிறது.