மேல் கன்ட்ரோல் ஆர்ம் மாற்றலாமா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, முன்பக்கம் 3 அங்குலம் தூக்கியபிறகு வேகத்தில் வண்டி அலைகிறது. வளைவு முடிந்தாலும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதில்லை. மேல் ஆர்ம் மாற்றினால் சரியாகுமா?

பதில்: பெரும்பாலும் சரியாகும். மேல் ஆர்ம் என்பது சக்கரத்தின் மேல்பக்கத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கை. முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியை உயர்த்தினால் காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்னால் சாயும் கோணம்) குறையும். ஸ்டியரிங்கை நேருக்கு இழுத்து வருவதே காஸ்டர்தான். ஆஃப்டர்மார்க்கெட் (வெளி நிறுவனம் செய்யும்) ஆர்மில் பால் ஜாயின்டை, அதாவது ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு சேர்க்கும் உருண்டை மூட்டை, சற்றுப் பின்தள்ளி வைத்திருப்பார்கள். இழந்த காஸ்டர் திரும்பும். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஆர்ம் ஸ்பிரிங்கில் இடிப்பதும் குறையும். ஆனால் முதலில் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்கள்) பாருங்கள். டோ (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) தப்பாக இருந்தாலும் வண்டி இப்படித்தான் அலையும்.

கேள்வி: ஆர்ம் மாற்றினால் எத்தனை அங்குலம் உயரும்?

பதில்: உயராது. உயரம் ஸ்பிரிங்கின் வேலை.

கேள்வி: புது ஆர்மில் ரப்பர் புஷ் (ஆர்ம் வண்டிச் சட்டத்தோடு சேரும் இடத்து ரப்பர் உருளை) அதற்குள் கிழிந்துவிட்டது. மட்டமான சரக்கா?

பதில்: சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கியிருப்பார்கள். புஷ்ஷின் உள்குழாய் அந்த நிலையிலேயே இறுகிவிடும்; வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். பிறகு ஒவ்வொரு குழியும் அதைக் கிழிக்கும். ரப்பர் புஷ் என்றால், வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு, அதுவும் டார்க் ரெஞ்சால் (முறுக்கு அளவு பார்த்து இறுக்கும் ஸ்பேனர்).

கேள்வி: ஆர்மின் சக்கரப் பக்க மூட்டுக்கு யூனிபாலா (உலோக வளையத்துக்குள் அசையும் உருண்டை பேரிங்), பால் ஜாயின்டா?

பதில்: தினமும் ஓட்டும் வண்டிக்கு, தூசி உறையோடு வரும் பால் ஜாயின்ட்.

கேள்வி: ஒப்புக்கொள்ள மாட்டேன் அண்ணா. பாலைவனப் பந்தய வண்டிகளில் யூனிபால்தானே?

பதில்: ஆமாம், அங்கே அதுதான் சரி. அதிகக் கோணம் கொடுக்கும், வலுவானது. ஆனால் பந்தய வண்டியை அடிக்கடி பிரித்துப் பார்த்து, தேய்ந்ததை மாற்றுகிறார்கள். உறையில்லாத யூனிபாலில் சேறும் மணலும் நேரே உட்காரும். தேய்ந்தால் கடகடவென்று சத்தம் வரும்.

கேள்வி: கழுவி, துடைத்து வைத்தால்?

பதில்: ஒவ்வொரு சேற்றுப் பயணத்துக்குப் பிறகும் அதைச் செய்வீர்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள். வாங்குகிற பலர் செய்வதில்லை, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கேள்வி: நான் 2 அங்குலம் தூக்க வேண்டும். எந்த ஆர்ம் போடலாம்?

பதில்: மேலே படியுங்கள். ஸ்பிரிங்.

கேள்வி: பின்னால் லீஃப் ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது...

பதில்: லீஃப் கட்டும் பட்டறையில் காட்டுங்கள். இந்த ஆர்முக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: ஆர்மை நானே மாட்டிவிட்டேன். அலைன்மென்டுக்கு எப்போது போகலாம்?

பதில்: இன்றைக்கே. போகும்முன் வண்டியைத் தரையில் நிறுத்தி புஷ் போல்ட்டை முறுக்கினீர்களா?