மாடிக்கு வைஃபை எட்டவில்லை, பழைய ரௌட்டரை இணைக்கலாமா?

சத்துவாச்சாரி வீட்டில் கீழே இருக்கும் ரௌட்டர் மாடி அறைக்கு எட்டவில்லை, பழையது ஒன்று சும்மா கிடக்கிறது என்கிறீர்கள். தாராளமாக இணைக்கலாம். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், கேட்6 (Cat6) எனும் நெட்வொர்க் கேபிள் ஒன்று போதும். 100 மீட்டர் வரை தாங்கும்.

முதலில் பழைய ரௌட்டரைத் தனியாக லேப்டாப்பில் சொருகி அதன் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்ணை, மாற்றுங்கள். கீழே உள்ளது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். அடுத்து, இதில் மட்டும் டிஹெச்சிபியை (DHCP), அதாவது போன், லேப்டாப்புக்கெல்லாம் தானாக ஐபி முகவரி பங்கிடும் வசதியை, அணைத்துவிடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். வீட்டில் முகவரி பங்கிடுபவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். இரண்டு பேர் பங்கிட்டால் சில போன்கள் தப்பான கேட்வேயை, அதாவது நெட்டுக்குப் போகும் வாசலை, பிடித்துக்கொள்ளும். வைஃபை காட்டும், நெட் வராது.

கேபிளை இரண்டு ரௌட்டரிலும் லேன் (LAN) என்று போட்ட போர்ட்டிலேயே சொருகுங்கள். பழையதன் வேன் (WAN) போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து நெட் வரும் போர்ட்டில், சொருகினாலும் நெட் வரலாம், ஆனால் மாடி தனி நெட்வொர்க் ஆகிவிடும். கீழே இருக்கும் போனுக்கு மாடி பிரிண்டர் தெரியாது.

வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றே வைக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை மட்டும் ஒன்றில் 1, இன்னொன்றில் 6 அல்லது 11 என்று பிரித்துவிடுங்கள், ஒன்றோடு ஒன்று மோதாது.

அப்புறம், ரௌட்டரை மாடிப்படி ஷீட்டுக்கு அடியில் மாட்டாதீர்கள். நம்ம வேலூர் கத்திரி வெயிலில் மனுஷனே திணறுகிறான்.