அட்டவணையில் இல்லாத கப்பல்

கேள்வி: 1914-இல் ‘கோமகட்டா மாரு’ கப்பலில் கனடா சென்ற இந்தியர்கள், நேரடியாக வரவேண்டும் என்ற அந்நாட்டு விதியை மதித்திருந்தால் திருப்பி அனுப்பப்பட்டிருக்க மாட்டார்கள் அல்லவா? தன் எல்லையைக் காக்க ஒரு நாட்டுக்கு உரிமை இல்லையா?

பதில்: அந்த விதியை மதிக்க வழி இருந்ததா என்பதை முதலில் பார்ப்போம். கனடிய பசிபிக் நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல்கள் 1891 முதல் ஹாங்காங், ஷாங்காய், நாகசாகி, கோபே, யோகோகாமா ஆகிய துறைமுகங்களைத் தொட்டு வான்கூவர் சென்றன. கல்கத்தாவோ பம்பாயோ சென்னையோ அந்த வரிசையில் இல்லை. பஞ்சாபிலிருந்து கிளம்பியவர் கல்கத்தா வரை ரயிலில் வந்து, ஹாங்காங்குக்குக் கப்பலேறி, அங்கே வேறு கப்பலுக்கு மாறியே தீரவேண்டும். 1893-இல் சென்னை அன்பர்கள் திரட்டிய பணத்தின் துணையோடு புறப்பட்ட சுவாமி விவேகானந்தரும் பம்பாயில் கப்பலேறி, யோகோகாமாவில் ‘எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா’வுக்கு மாறித்தான் ஜூலை 25 அன்று வான்கூவரில் இறங்கினார்.

குடியேற வருபவர் தாம் பிறந்த நாட்டிலிருந்தோ குடியுரிமை பெற்ற நாட்டிலிருந்தோ, புறப்படும் முன்பே வாங்கிய பயணச்சீட்டில், இடையில் பயணம் முறியாமல் வரவேண்டும் என்று 1908-இல் கனடா ஆணையிட்டது. அதோடு நில்லாமல், அப்படிப்பட்ட சீட்டை இந்தியாவில் விற்க வேண்டாம் என்று கப்பல் நிறுவனத்தையும் கேட்டுக்கொண்டது. இந்தியர்கள் பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்கள் என்பதால், அவர்களைப் பெயர் சொல்லித் தடுத்தால் லண்டனுக்குச் சங்கடம். ஆகவே கப்பல் அட்டவணையைக் கொண்டே கதவை அடைத்தார்கள். லிவர்பூலில் கப்பல் மாறி வந்த ஐரோப்பியர்கள் மீது இந்த விதி பாயவில்லை.

1913 இறுதியில் நீதிமன்றம் அந்த ஆணையின் வாசகத்தைச் செல்லாது என்றதும் அரசு அதைத் திருத்தி எழுதிக்கொண்டது. தீர்ப்பை நம்பி சீக்கிய வணிகர் குர்தித் சிங் வாடகைக்கு எடுத்த ‘கோமகட்டா மாரு’, ஏப்ரல் 4 அன்று ஹாங்காங்கை விட்டு, வழியில் மேலும் பலரை ஏற்றிக்கொண்டு, 376 பயணிகளோடு மே 23 அன்று வான்கூவரை அடைந்தது. கரை கண்ணெதிரே தெரிய, குடிநீருக்கும் சோற்றுக்கும் அல்லாடியபடி அவர்கள் இரண்டு மாதம் கப்பலிலேயே கிடந்தார்கள். முன்பே அங்கு வாழ்ந்து திரும்பியவர்கள் உள்ளிட்ட 24 பேர் மட்டுமே இறங்க முடிந்தது. ஜூலை 23 அன்று போர்க்கப்பல் காவலோடு மற்றவர்களைத் துரத்தினார்கள். செப்டம்பர் 29 அன்று கல்கத்தாவை அடுத்த பஜ்பஜ்ஜில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அவர்களில் ஏறத்தாழ 20 பேர் மடிந்தார்கள்.

எல்லையைக் காக்கும் உரிமையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1913 ஒரே ஆண்டில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் குடியேற அனுமதித்த நாடுதான் இந்த 352 பேருக்கு இடமில்லை என்றது.