ஐந்து பீஸ் தேறினால் போதுமா?

வணக்கம் ஐயா,

மணலியில் உரிமத்தோடு துப்பாக்கி உதிரிகள் செய்யும் மோல்டிங் யூனிட்டில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். 5.56 மி.மீ. ரைஃபிளுக்கான 30 தோட்டா மேகசீனை 30 சதவீத கிளாஸ் ஃபில்டு (கண்ணாடி இழை கலந்த) நைலான் 66-இல் அடித்திருக்கிறோம். ஒரு மாதம் ரேக்கில் இருந்த ஐந்து பீஸை எடுத்து, டம்மி தோட்டா நிரப்பி, 1.5 மீட்டரிலிருந்து சிமெண்ட் தரையில் ஒவ்வொன்றையும் இருபது முறை போட்டோம். ஒன்றிலும் விரிசல் விழவில்லை. இது போதுமா?

ஒரு வாசகர், மணலி

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. நைலான் ஈரம் குடிக்கும். கடற்காற்று படும் மணலியில் ஒரு மாதம் கிடந்த பீஸ் இளகி, அடியைத் தாங்கும் நிலைக்கு வந்திருக்கும். டையிலிருந்து அப்போதுதான் இறங்கிய உலர்ந்த பீஸ் அப்படித் தாங்காது, சீக்கிரம் நொறுங்கும். அதனால் பாதி பீஸ்களைச் சூடு ஆறுவதற்குள் சிலிக்கா ஜெல்லோடு அலுமினிய ஃபாயில் பையில் போட்டு ஒட்டிவிடுங்கள். சோதனை அன்றுதான் பிரிக்க வேண்டும்.

அந்த உலர் பீஸ்களைக் குளிரிலும் போட வேண்டும். 1999 கார்கில் போரின்போது நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளின் பிளாஸ்டிக் மேகசீன்கள் குளிரில் விரிசல் விட்டதாகப் புகார் வந்தது நினைவிருக்கும். காசிமேட்டு மீன் ஐஸ்பெட்டி இதற்கு உதவாது, வெறும் ஐஸ் பூஜ்யத்தோடு நின்றுவிடும். மைனஸ் 46 டிகிரி வரை போகும் சேம்பர் வேண்டும். வெளியே எடுத்த சில நொடிகளில் போட்டுவிடுங்கள். மெல்லிய சுவர் மளமளவென்று சூடேறிவிடும்.

எண்ணிக்கையும் குறைவு. ஒரே பீஸை இருபது முறை போட்டாலும் அது ஒரு பீஸ்தான். ஐந்தும் தேறியதை வைத்து 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிவது, நூற்றுக்கு 45 வரை தவறக்கூடும் என்பது மட்டுமே. தவறுவது நூற்றுக்கு ஐந்துக்குள் என்று சொல்ல, 59 பீஸ் ஒன்றுகூட விடாமல் தேற வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை விரிசல் அல்ல, உதடுகள். மேல்வாயில் தோட்டாவைப் பிடித்து நிற்கும் அந்த இரண்டு உதடுகளையும் ஸ்பிரிங் இரவும் பகலும் மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் நைலான் மெல்ல மெல்ல அகலும். கிளாஸ் ஃபைபர் அதைக் குறைக்கும், நிறுத்தாது. உதடு அகன்றால் தோட்டா முன்கூட்டியே விடுபட்டு, ஒன்றுக்கு இரண்டாக ஏறி அடைத்துக்கொள்ளும். பார்வைக்கு மேகசீன் புதிதுபோலவே இருக்கும். அமெரிக்க நிறுவனமான மேக்புல்லின் பிமேக் என்ற பிளாஸ்டிக் மேகசீனோடு வரும் மூடி தூசியை மட்டும் தடுப்பதல்ல. மேல் தோட்டாவைக் கீழே அழுத்தி உதட்டின் சுமையையும் இறக்குகிறது.

ஆகவே 30 டம்மியும் நிரப்பி, 71 டிகிரி ஓவனில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்து ஒரு நாள் ஆறவிட்டு, முன், நடு, பின் என மூன்று இடத்திலும் உதட்டு இடைவெளியை அளந்து பழைய அளவோடு ஒப்பிடுங்கள். வெர்னியர் வேண்டாம், அதன் தாடையே உதட்டைத் தள்ளிவிடும். பின் கேஜ் (துல்லிய அளவுள்ள உருளை ஊசி) போட்டு அளவெடுங்கள். டம்மியின் எடையும் சரியாக இருக்க வேண்டும்: ஒன்றுக்குச் சுமார் 12 கிராம், முப்பதுக்கு 360. உதடு கீழாக விழும்போது உள்ளிருந்து இடிப்பது அந்த எடைதான். அடிப்பக்கம் கீழாக விழும்போது அதே எடை கீழ்த்தட்டைக் கழற்றப் பார்க்கும். இரண்டையும் தனித்தனி பீஸில் செய்யுங்கள்.

மணல் சோதனைக்கு எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலை எடுக்காதீர்கள். அந்தத் துகள் உருண்டை. ஃபாலோவரை (ஸ்பிரிங் மேலிருந்து தோட்டாவைத் தூக்கும் தட்டு) சிக்க வைப்பது கூர்முனை கொண்ட குவார்ட்ஸ் மணல்.

உடைந்தால் அந்த பீஸைத் தூக்கி எறிய வேண்டாம், உடைந்த முகத்தை லென்ஸில் பாருங்கள். வெள்ளையாக நார் பிடுங்கிக்கொண்டு தெரிந்தால் பொருள் தன் பலம் முழுவதையும் கொடுத்திருக்கிறது. நேர்கோடாக, வழவழப்பாக விட்டிருந்தால் அது வெல்டு லைன். டைக்குள் உட்குழிவை உருவாக்கும் கோரைச் சுற்றிப் பிரிந்துபோன நைலான், அது உருகி உள்ளே நுழையும் வாயான கேட்டுக்கு எதிர்ப்பக்கம் மறுபடி சேரும் இடம் அது. ஃபைபர் அந்தக் கோட்டைத் தாண்டிப் போவதில்லை, பலம் பாதியளவுக்குக்கூட இறங்கிவிடும். அந்தக் கோடு உதட்டில் விழுந்திருந்தால் கேட்டின் இடத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். மேல்பரப்பில் வெள்ளிக் கீற்றுகள் தெரிந்தால் தவறு நைலான் மணிகளைக் கொட்டும் ஹாப்பரில்: ஈரம் 0.2 சதவீதத்துக்கு மேல். டிரையரில் 80 டிகிரியில் நான்கு மணி நேரம் காயவிட்டு, ரீகிரைண்ட் (அரைத்த பழைய கழிவு) சேர்க்காமல், புது லாட் அடித்து, முதல் பத்து பீஸைக் கையோடு ஃபாயில் பையில் போட்டுவிடுங்கள்.