ஷெட் கூரைக்கு எவ்வளவு பெரிய டேங்க்?

கேள்வி: அண்ணா, எங்கள் தோட்டத்து ஷெட் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். நெளிதகரக் கூரை. 2022 வெள்ளத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் நாங்கள் பட்டபாடு உங்களுக்குத் தெரியும். அதனால் கூரையில் விழும் மழைத்தண்ணீரைப் பிடிக்க 2,500 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் டேங்க் வாங்கி ஷெட் பக்கத்தில் வைக்கப்போகிறேன் என்கிறார் என் வீட்டுக்காரர். சின்னதே போதும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?
(வாசகி, டோங்காட், தென்னாப்பிரிக்கா)

பதில்: தங்கச்சி, ஷெட்டைப் பொறுத்தவரை உங்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் சண்டை போடாமல் கணக்கைக் காட்டுங்கள்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். உங்கள் கூரை 6 சதுர மீட்டர். தெறித்தது, தகரச் சூட்டில் காய்ந்தது எல்லாம் போக ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வரும் என்று வையுங்கள். டர்பன் கரையோரத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,000 மி.மீ. மழை. ஆக, அந்தக் கூரை வருஷம் முழுக்கத் தருவதே 4,800 லிட்டர்தான். ஒரு வாளிகூட எடுக்காமல் காத்திருந்தாலும் 2,500 லிட்டர் நிரம்ப 500 மி.மீ.க்கு மேல் மழை வேண்டும். ஜனவரிக் கோடை வெயிலில் வெண்டையும் மிளகாயும் வாடும்போது யார் அப்படிக் காத்திருப்பார்கள்? பெரிய டேங்க் வேண்டுமென்றால் வீட்டுக் கூரையோடு இணைக்கச் சொல்லுங்கள். 80 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழைக்கே 600 லிட்டருக்கு மேல் இறங்கும். ஷெட்டுக்கு 500 லிட்டர் ஏராளம்.

மிச்சமாகும் காசை டேங்கைச் சுற்றியுள்ள வேலைக்குச் செலவழியுங்கள். கரும்பாலையில் பைப் ஃபிட்டராக வேலை பார்த்தவன் சொல்கிறேன், டேங்க் வாங்குவது சுலபம், அதற்குள் போவதும் வெளியே வருவதும்தான் வேலை.

முதலில் அழுக்குத் தண்ணீர். உங்கள் ஊரில் குளிர்காலத்தில் கரும்புத் தோட்டத்தைக் கொளுத்தினால் கொடியில் காயும் துணியெல்லாம் கரி விழும். அதே கரி கூரையிலும் படியும். ஹடீடா பறவை எச்சமும் மாமரச் சருகும் அதோடு சேரும். செப்டம்பரில் வரும் முதல் மழை இத்தனையையும் கழுவிக்கொண்டு டேங்குக்குள் போனால் அப்புறம் அது தண்ணீரே இல்லை. ஒவ்வொரு மழையிலும் முதல் ஒரு மில்லிமீட்டரை, அதாவது உங்கள் கூரைக்கு 6 லிட்டரை, தனியே பிடித்துவிட வேண்டும். கூரை ஓரத்தில் மழைநீரை வாங்கும் பீலியிலிருந்து இறங்கும் குழாயில், டேங்குக்குத் திரும்பும் இடத்துக்கு முன்னால், 110 மி.மீ. பிவிசி குழாய் ஒன்றை முக்கால் மீட்டர் நீளத்துக்குச் செங்குத்தாகத் தொங்கவிட்டு அடியில் மூடி போடுங்கள். அழுக்குத் தண்ணீர் அதில் நிரம்பி நின்றபின் நல்ல தண்ணீர் டேங்க் பக்கம் போகும். மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தால் அடுத்த மழைக்குள் தானே வடிந்துவிடும். துளை அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது குத்திவிடுங்கள்.

அடுத்தது வழிகிற தண்ணீர். 2022 ஏப்ரலில் டர்பன் பக்கம் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மழையில் உங்கள் சின்ன ஷெட் கூரை மட்டுமே 1,800 லிட்டரை இறக்கியிருக்கும். 500 பிடித்தால் மீதி எங்கே போகும்? டேங்க் அடியில் மண்ணை அரித்து, டேங்கையே சாய்த்துவிடும். உள்ளே வரும் குழாய் எவ்வளவு அகலமோ, வழியும் குழாயும் குறைந்தது அவ்வளவு அகலம் இருக்கட்டும். அதை மடும்பிக் கிழங்கு (சேப்பங்கிழங்கு) பாத்திக்குக் கொண்டுபோய் விடுங்கள், எவ்வளவு ஈரமிருந்தாலும் அது முகம் சுளிக்காது.

500 லிட்டர் என்றால் அரை டன் எடை. மண்ணை நன்றாக இடித்து, சமமாகக் காங்கிரீட் போட்டு, பூவாளி குழாய்க்கு அடியில் நிற்கும் உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டுங்கள். ஷெட் சுவரில் சாய்க்க வேண்டாம். ஸ்பிரிங்ளர் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும்.

மூடியைக் கட்டிவையுங்கள். குரங்குகள் திறந்து பார்க்காமல் போகாது. எல்லா வாய்க்கும் கொசுவலையும் வேண்டும்.

குடிப்பதற்கு வேண்டாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கூரைப் பெயின்டும் துத்தநாகமும் போகாது. குழாயில் தண்ணீர் வராத நாளில் கழிவறைக்கு ஊற்ற இதைப் பயன்படுத்துங்கள். வீட்டில் அதற்கே நிறையத் தண்ணீர் போகிறது. குடிக்க, குழாய்த் தண்ணீரைக் கேன்களில் தனியே பிடித்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் பின்கட்டுக்குப் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதிலிருந்து தண்ணீர் பிடிக்கலாமா, ஐயா?
(வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: தம்பி, 2008-இல் இந்த நாட்டில் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டார்கள், போட்ட கூரைகள் மட்டும் இன்னும் இருக்கின்றன. ஆபத்து முக்கியமாக அதன் தூசி மூச்சில் போவதில்தான். அதனால் தண்ணீரைவிட எனக்குப் பயம் நீங்கள் பீலி மாட்டப் போடும் துளையை நினைத்துத்தான். துளைக்காதீர்கள், அறுக்காதீர்கள், பாசியைச் சுரண்டாதீர்கள், பிரஷர் வாஷரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். கூரை உதிர ஆரம்பித்திருந்தால் தண்ணீர் யோசனையே வேண்டாம். முதலில் பதிவு பெற்ற ஆள்களை வைத்து அதைக் கழற்றுங்கள்.

கேள்வி: டேங்க் தண்ணீர் அழுகிய முட்டை வாடை அடிக்கிறது. பிளீச் ஊற்றலாமா?
(வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: அடியில் சருகு மட்கிக் கிடக்கிறதம்மா. பிளீச் ஊற்றினால் வாடை நாலு நாள் அடங்கும், சருகு அங்கேயே இருக்கும். ஆகஸ்டில் தண்ணீர் குறைந்திருக்கும்போது முழுக்க வடித்து, நீளக் கைப்பிடித் துடைப்பத்தை விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளே இறங்கித் தேய்க்க வேண்டாம், காற்று இருக்காது. உள்ளே வரும் குழாயை அடிவரை இறக்கி நுனியை மேல்நோக்கி வளைத்துவிட்டால் புதுத் தண்ணீர் வண்டலைக் கலக்காது. பீலிக்கு மேலே தொங்கும் கிளையையும் வெட்டிவிடுங்கள்.